டிரைவர்களைப் புதுப்பிக்கும் மென்பொருள்கள்: எதை, எந்த வரிசையில், எவ்வளவு நம்பலாம்? – முழுமையான வழிகாட்டி

டிரைவர் என்பது ஒரு சாதனத்தோடு இயங்குதளம் பேச உதவும் மென்பொருள். இன்டெல் பிராசசர் உள்ள விண்டோஸ் கணினி ஒன்றில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'சிஸ்டம் டிவைசஸ்' பகுதியில் இருக்கும் சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்கள்) சாதனங்களின் டிரைவர் தேதியைப் பாருங்கள். பல கணினிகளில் 18 ஜூலை 1968 என்று இருக்கும். அப்போது விண்டோஸும் கிடையாது, மைக்ரோசாஃப்டும் கிடையாது. அது இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். அந்தத் தேதியை வேண்டுமென்றேதான் போடுகிறார்கள். ஒரு சாதனத்துக்கு அதற்கென்றே எழுதிய டிரைவர் ஏற்கெனவே இருந்தால், இன்டெல் தரும் பொதுவான கோப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. மைக்ரோசாஃப்டும் இதையே செய்கிறது. விண்டோஸுடன் வரும் டிரைவர்கள் பலவற்றில் 21 ஜூன் 2006 என்றே இருக்கும், நேற்று நிறுவிய விண்டோஸ் 11 ஆனாலும் சரி.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் ஒன்றை இறக்கி ஸ்கேன் செய்தால், "உங்கள் கணினியில் இத்தனை டிரைவர்கள் பழையவை" என்று சிவப்பு நிறத்தில் ஒரு பட்டியல் வரும். தேதியையும் பதிப்பு எண்ணையும் மட்டும் ஒப்பிட்டு அந்தப் பட்டியலைத் தயாரித்தால், ஒரு குறையும் இல்லாத சிப்செட் டிரைவர் அரை நூற்றாண்டு பழையதாகத் தெரியும். பார்ப்பவருக்குப் பயம் வரும், 'அப்டேட் ஆல்' பொத்தானை அழுத்துவார். பிரச்சினைகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

டிரைவரைப் புதுப்பிக்க மென்பொருளைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். ஆனால் எந்த மென்பொருள், எந்த வரிசையில் என்பதுதான் முக்கியம். கீழே உள்ள படிகள் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பற்றியவை. லினக்ஸ், மேக் பயனர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

எப்போது புதுப்பிக்க வேண்டும்?

டிரைவர்களில் பல, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஓடுபவை. சாதாரண ஆப் ஒன்று தடுமாறினால் அந்த ஆப் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் ஓடும் டிரைவர் தடுமாறினால் நீலத்திரை வந்து கணினியே நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது நினைவிருக்கலாம். அது வன்பொருள் டிரைவர் இல்லை, பாதுகாப்பு மென்பொருள். ஆனால் அதன் டிரைவரும் கெர்னலில்தான் ஓடியது. அந்த இடத்தில் கை வைக்கும்போது காரணத்தோடு கை வைப்பது நல்லது.

நல்ல காரணங்கள் என்று நான் எண்ணுபவை இவை: ஒரு சாதனம் வேலை செய்யவில்லை அல்லது விட்டுவிட்டு வேலை செய்கிறது. புதிய விளையாட்டோ வீடியோ எடிட்டிங் மென்பொருளோ புதிய கிராஃபிக்ஸ் டிரைவரைக் கேட்கிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவியிருக்கிறீர்கள். பாதுகாப்புக் குறை ஒன்று சரிசெய்யப்பட்டிருக்கிறது. 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்பது மட்டும் காரணமாக இருந்தால், கிராஃபிக்ஸ் தவிர மற்றவற்றை அவசரமில்லாமல் விட்டுவைக்கலாம். நன்றாக ஓடும் சவுண்ட் டிரைவரைப் புதுப்பித்து யாருக்கும் இனிமையான ஒலி கிடைத்துவிடுவதில்லை.

படி 1: இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்' இருக்கும். அதைத் திறந்ததும் மஞ்சள் முக்கோணம் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சாதனத்தை இரட்டை கிளிக் செய்யுங்கள். 'ஜெனரல்' பகுதியில் ஒரு பிழைக் குறியீட்டு எண் ('கோடு') இருக்கும். கோடு 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. கோடு 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. கோடு 43 என்றால் சாதனம் தானே கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. கோடு 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை (அது யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் முத்திரையை) சரிபார்க்க முடியவில்லை. இதில் 28-க்குப் புதிய டிரைவர் கட்டாயம் உதவும். 43-க்கு உதவலாம், உதவாமலும் போகலாம். கேபிளோ போர்ட்டோ வன்பொருளோ பழுதாக இருந்தாலும் அதே எண்தான் வரும்.

முக்கோணமே இல்லையென்றால், நீங்கள் புதுப்பிக்க நினைக்கும் சாதனத்தின் 'டிரைவர்' பகுதியைத் திறந்து வழங்குநர், தேதி, பதிப்பு எண் மூன்றையும் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 32.0.15.6094 என்று காட்டினால், என்விடியா அதை 560.94 என்று சொல்லும். கடைசி ஐந்து இலக்கங்களைச் சேர்த்துப் படித்தால் போதும். இது தெரியாமல் இரண்டும் வேறு டிரைவர் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

அப்புறம், அதே பகுதியில் உள்ள 'அப்டேட் டிரைவர்' பொத்தானைப் பற்றி. அதை அழுத்தி, தானாகத் தேடும்படி சொன்னால், "சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இப்போதைய விண்டோஸ் பதிப்புகளில் அந்தத் தேடல் உங்கள் கணினிக்குள் இருக்கும் டிரைவர்களை மட்டுமே பார்க்கிறது, இணையத்துக்குப் போவதில்லை. அந்தப் பதிலை வைத்து, வெளியில் புதியது இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 2: திரும்பி வர வழி வைத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு விண்டோஸையே மறுபடி நிறுவ உட்காருகிறார்கள். பத்து நிமிட வேலை இது.

முதலில் ரெஸ்டோர் பாயின்ட், அதாவது பிறகு திரும்பி வருவதற்காகக் கணினியின் இப்போதைய அமைப்பை விண்டோஸ் சேமித்து வைப்பது. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்' என்று தேடுங்கள். திறக்கும் பெட்டியில் சி டிரைவுக்கு எதிரே 'ஆஃப்' என்று இருந்தால் (பல கணினிகளில் அப்படித்தான் இருக்கும்) 'கான்ஃபிகர்' பொத்தானை அழுத்தி, பாதுகாப்பை இயக்கி, கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். பிறகு 'கிரியேட்' அழுத்தி, 'கிராஃபிக்ஸ் டிரைவருக்கு முன்' என்பது போலப் பிற்பாடு பார்த்தாலும் புரிகிற ஒரு பெயர் வையுங்கள்.

இரண்டாவது, நெட்வொர்க் டிரைவர். மற்ற எந்த டிரைவர் கெட்டாலும் இணையத்தில் தேடிச் சரிசெய்யலாம். வைஃபை டிரைவர் கெட்டால், அதைச் சரிசெய்யத் தேவையான கோப்பை இறக்க வைஃபை இருக்காது. எனவே உங்கள் மாடலுக்குரிய வைஃபை, ஈதர்நெட் டிரைவர்களின் நிறுவல் கோப்புகளை முன்கூட்டியே இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள். அதுவும் இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். கணினி அதைக் கம்பி இணைப்பு போல எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனி டிரைவர் தேவைப்படாது.

மூன்றாவது, பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. உங்கள் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், சேஃப் மோடுக்கு (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் முறை) போகும்போதோ பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டிலேயே பதிந்த மென்பொருள்) புதுப்பித்த பிறகோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். புதிய லேப்டாப்கள் பலவற்றில் நாம் கேட்காமலேயே குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

கமாண்ட் லைன் பழகியவர்களுக்கு இன்னொரு வழி: விண்டோஸுடனேயே வரும் பிஎன்பியூட்டில், டிஸம் இரண்டிலும் நிறுவியிருக்கும் வெளியார் டிரைவர்களை எல்லாம் ஒரு ஃபோல்டருக்கு எக்ஸ்போர்ட் செய்யும் வசதி உண்டு. டிரைவர் பேக்கப் என்ற பெயரில் விற்கும் மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

படி 3: முதலில் விண்டோஸ் அப்டேட்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் → விண்டோஸ் அப்டேட் → அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் → ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போங்கள். அங்கே 'டிரைவர் அப்டேட்ஸ்' என்று ஒரு பிரிவு இருந்தால் விரித்துப் பாருங்கள். விண்டோஸ் 10-இல் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இணைப்பு தெரியும். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் இனிப் புதிய டிரைவர்களை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தப் பட்டியலில் இருப்பதை எல்லாம் டிக் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸ் கட்டாயம் என்று கருதும் டிரைவர்கள் தானாகவே வந்துவிடும். இங்கே தனியாக வைத்திருப்பவை, ஒரு சாதனம் சரியாக ஓடவில்லை என்றால் முயன்று பாருங்கள் என்ற வகை. உங்கள் பிரச்சினைக்குத் தொடர்புள்ளதை மட்டும் எடுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டில் வருபவை மைக்ரோசாஃப்டின் சோதனை நடைமுறைகளைத் தாண்டி வருபவை. பெரும்பாலான பயனர்களுக்கு இந்த ஒரு வழியே போதும் என்பது என் கருத்து. ஆனாலும் குறையே வராது என்று சொல்ல முடியாது. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் யூஎஸ்பி சீரியல் சிப்களுக்கான டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. தன் சிப்பைப் போலவே செய்த போலி சிப் என்று தெரிந்தால், அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றிவிடும். அதன்பிறகு கணினிக்கு அந்தச் சாதனத்தை அடையாளம் தெரியாது. போலி சிப் என்று தெரியாமல் கருவியை வாங்கியவர்கள் திகைத்துப்போனார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் விலக்கிக்கொள்ளப்பட்டது.

படி 4: கணினித் தயாரிப்பாளரின் கருவி

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான படி. டெல் கணினிக்கு சப்போர்ட்அசிஸ்ட் அல்லது டெல் கமாண்ட் அப்டேட், ஹெச்பிக்கு ஹெச்பி சப்போர்ட் அசிஸ்டென்ட், லெனோவோவுக்கு லெனோவோ வான்டேஜ், ஆசஸுக்கு மைஆசஸ், எம்எஸ்ஐக்கு எம்எஸ்ஐ சென்டர். பெரும்பாலும் கணினியுடனேயே வந்திருக்கும். அழித்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்திலோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலோ எடுக்கலாம்.

இவற்றுக்கு முன்னுரிமை ஏன்? லேப்டாப்பில் உள்ள ஒரே சிப், மாடலுக்கு மாடல் வேறு விதமாக இணைக்கப்பட்டிருக்கும். ஸ்பீக்கருக்கேற்ற ஒலி அமைப்பு, டச்பேடின் சைகைகள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கீகள், பேட்டரி, விசிறி எல்லாவற்றுக்கும் அந்த மாடலுக்கென்று திருத்திய டிரைவர்கள் இருக்கும். ரியல்டெக்கின் பொதுவான ஆடியோ டிரைவரைப் போட்டதும் ஹெட்போன் பின் செருகியதைக் கணினி உணராமல் போவதெல்லாம் இதனால்தான். தயாரிப்பாளரின் கருவி காட்டும் டிரைவர் ஆறு மாதம் பழையதாக இருக்கலாம். அந்த லேப்டாப்புக்கு அதுவே பொருத்தமானது.

இந்தக் கருவியைத் திறந்து ஸ்கேன் செய்ததும், வரும் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். டிரைவர்கள் ஒரு பக்கம், பயாஸ் மற்றும் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே அழுத்தில் நிறுவாதீர்கள். முதலில் டிரைவர்களை நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, ஓரிரு நாள் ஓட்டிப் பாருங்கள். பயாஸை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் சார்ஜரை இணைத்திருக்க வேண்டும், பேட்டரியிலும் போதுமான சார்ஜ் இருக்க வேண்டும், பிட்லாக்கரைத் தற்காலிகமாக 'சஸ்பெண்ட்' செய்திருக்க வேண்டும். திரை கறுப்பாகி விசிறி வேகமாகச் சுற்றினாலும் பவர் பட்டனைத் தொடக் கூடாது. பயாஸ் எழுதப்படும்போது மின்சாரம் போனால் போர்டே தொடங்காமல் போகலாம். டிரைவர் கெட்டால் திரும்பிவர வழி உண்டு, இதற்கு எல்லா மாடலிலும் அந்த வழி இருக்காது.

தனித்தனி பாகங்கள் வாங்கிக் கட்டிய டெஸ்க்டாப் என்றால், மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் பெயரைத் தேடி சிப்செட், லேன், ஆடியோ டிரைவர்களைக் கையால் எடுப்பதையே நான் விரும்புவேன். மதர்போர்டுக் கருவிகள் விளக்கு நிறம் மாற்றுவது முதல் விசிறி வரை பத்து வேலைகளை ஒன்றாகச் சுமந்து வருகின்றன. டிரைவருக்காக அவ்வளவும் பின்னணியில் ஓட வேண்டியதில்லை.

படி 5: சிப் தயாரிப்பாளரின் கருவி, முக்கியமாக கிராஃபிக்ஸுக்கு

அடிக்கடி புதுப்பித்துப் பலன் காணக்கூடிய டிரைவர் என்றால் அது கிராஃபிக்ஸ்தான். புதிய விளையாட்டுகள் வரும்போதெல்லாம் அவற்றுக்கான திருத்தங்கள் டிரைவரில்தான் வருகின்றன.

என்விடியாவுக்கு என்விடியா ஆப். 2024 நவம்பரில் சோதனைப் பதிப்பிலிருந்து வெளியே வந்து, பழைய ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸின் இடத்தைப் பிடித்தது. பழையதைப் போலக் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும் என்ற தொல்லை இதில் இல்லை. டிரைவர் பகுதியில் 'கேம் ரெடி', 'ஸ்டூடியோ' என்று இரண்டு வகை இருக்கும். விளையாட்டு வெளியாகும் நாளன்றே ஆட வேண்டும் என்பவர்களுக்கு முதல் வகை. வீடியோ, முப்பரிமாண வடிவமைப்பு செய்பவர்களுக்கு இரண்டாவது வகை. அது அடிக்கடி வராது. விளையாட்டும் ஆடுவதில்லை, எடிட்டிங்கும் இல்லை என்றால் ஸ்டூடியோவை வைத்துக்கொண்டு மறந்துவிடலாம்.

ஏஎம்டிக்கு 'ஏஎம்டி சாஃப்ட்வேர்: அட்ரினலின் எடிஷன்'. இதில் 'ரெக்கமெண்டட்', 'ஆப்ஷனல்' என்று இரண்டு. குறிப்பிட்ட ஒரு பிழைக்காகத் தேடி வந்தவர் தவிர மற்றவர்கள் முதலாவதை எடுங்கள். இன்டெலுக்கு 'இன்டெல் டிரைவர் அண்ட் சப்போர்ட் அசிஸ்டென்ட்'. இது பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து கிராஃபிக்ஸ், வைஃபை, புளூடூத் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். உங்கள் லேப்டாப்பில் தயாரிப்பாளர் திருத்திய டிரைவர் இருக்கிறது என்று அது எச்சரித்தால், அந்த எச்சரிக்கையை மதியுங்கள். புதியதைப் போட்டால் தயாரிப்பாளர் சேர்த்த வசதிகள் சில போய்விடக்கூடும் என்பதுதான் அதன் பொருள்.

புதிய கிராஃபிக்ஸ் டிரைவர் வந்த அன்றே நிறுவ வேண்டாம். 2010 மார்ச்சில் என்விடியா 196.75 பதிப்பை வெளியிட்டது. சில கார்டுகளில் விசிறியின் வேகம் சரியாகக் கட்டுப்படாமல் சூடேறுவதாகப் புகார்கள் வந்தன, நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. ஒரு வாரம் பொறுத்தவர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. வெளியீட்டுக் குறிப்பில் 'தெரிந்த பிரச்சினைகள்' என்ற பகுதியைப் படிக்கும் பழக்கமும் இருக்கட்டும். நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருளின் பெயர் அங்கே இருந்தால் அடுத்த பதிப்புக்குக் காத்திருங்கள்.

நிறுவும்போது 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' டிக் செய்தால் பழைய அமைப்புகள் நீங்கிப் புதிதாகத் தொடங்கும். அதிலும் தீராத சிக்கல் இருந்தாலோ, ஒரு நிறுவனத்தின் கார்டைக் கழற்றி இன்னொன்றைப் போட்டாலோ மட்டும் 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவசக் கருவி உதவும். அதைச் சேஃப் மோடில், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்ட வேண்டும். இணைப்பு இருந்தால், நீங்கள் சுத்தம் செய்து முடிப்பதற்குள் விண்டோஸ் தானாக வேறொரு டிரைவரைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் இதை ஓட்டச் சொல்லும் அறிவுரைகளைப் பார்க்கிறேன். அவ்வளவு தேவையில்லை.

படி 6: பொதுவான டிரைவர் அப்டேட்டர்கள்

டிரைவர் பூஸ்டர், டிரைவர் ஈஸி, ஸ்னாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஆரிஜின் போன்றவை இந்த வகை. எந்த நிறுவனத்தின் கணினியாக இருந்தாலும் எல்லாச் சாதனங்களையும் ஸ்கேன் செய்து, தங்கள் தொகுப்பிலிருந்து டிரைவரைத் தருகின்றன. மேலே உள்ள படிகளை முடித்தவருக்கு இவை பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும் இடங்களும் உண்டு: தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கணினி, மாடல் பெயரே தெரியாத பழைய போர்டு, இணையமே இல்லாத இடத்தில் பல கணினிகளை ஒரே நாளில் தயார் செய்யும் வேலை.

அந்த மாதிரி வேலைக்கு நான் கை வைப்பது ஸ்னாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஆரிஜின். திறந்த மூல மென்பொருள், விளம்பரம் இல்லை, நிறுவவும் வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடும். முழுத் தொகுப்பையும் இறக்கினால் பல பத்து ஜிபி பிடிக்கும். ஒரே கணினிக்குத்தான் என்றால் முதலில் அட்டவணைக் கோப்புகளை மட்டும் இறக்கி, தேவைப்படும் தொகுப்புகளைப் பிறகு எடுக்கலாம். நெட்வொர்க் டிரைவர் தொகுப்பு மட்டும் இறக்குவதற்கும் தனி வாய்ப்பு இருக்கிறது. தோற்றம் பழைய காலத்து மென்பொருள் போல இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எதைப் பயன்படுத்தினாலும் இப்படிச் செய்யுங்கள். மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பு வேறெங்காவது கொண்டுபோகலாம். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படித்து, கூடவே வரும் பிரவுசர், ஆன்டிவைரஸ், கிளீனர் போன்றவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஸ்கேன் முடிந்ததும், படி 1-இல் மஞ்சள் முக்கோணம் காட்டிய சாதனத்தை மட்டும் பட்டியலில் தேடுங்கள். 'அப்டேட் ஆல்' வேண்டாம். ஒன்றை நிறுவுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், சோதியுங்கள், பிறகு அடுத்தது. ஒரே நேரத்தில் பதினைந்தை மாற்றிவிட்டு மறுநாள் நீலத்திரை வந்தால், எதைக் குறை சொல்வது? சிப்செட், சேமிப்பகக் கன்ட்ரோலர், பயாஸ் மூன்றையும் இந்தக் கருவிகளிடம் ஒப்படைக்கவே கூடாது. சேமிப்பக டிரைவர் தவறாகப் போனால் விண்டோஸ் தொடங்கவே தொடங்காது.

பணம் கட்டும் விஷயம்: இவற்றில் பலவும் ஸ்கேனை இலவசமாகச் செய்துவிட்டு, ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் புதுப்பிக்கும் வசதியைக் கட்டணத்துக்கு வைத்திருக்கின்றன. மேலே வேண்டாம் என்று சொன்ன அதே பொத்தானுக்குத்தான் விலை. மென்பொருள் தரும் டிரைவரை உருவாக்கிய நிறுவனமே அதை இலவசமாகத் தருகிறது. வேலை முடிந்ததும் மென்பொருளை நீக்கிவிடுங்கள். அது தினமும் பின்னணியில் விழித்திருந்து எச்சரிக்கை காட்டுவதால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெயர் தெரியாத சாதனம் என்றால்

'அன்நோன் டிவைஸ்' என்று மட்டும் காட்டுகிறதா? அதை இரட்டை கிளிக் செய்து 'டீட்டெயில்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் நீண்ட எழுத்துத் தொடரில் 'விஇஎன்' என்பதை அடுத்த நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரையும், 'டிஇவி' என்பதை அடுத்தவை சாதனத்தையும் குறிக்கும். 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 10இசி என்றால் ரியல்டெக். யூஎஸ்பி சாதனங்களில் இதே வேலையை 'விஐடி', 'பிஐடி' செய்யும். அந்தத் தொடரை அப்படியே நகலெடுத்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் தேடினால் பல நேரம் டிரைவர் கிடைத்துவிடும். இறக்கிய கேப் கோப்பை விரித்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' → 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' வழியாக அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

ஏதாவது தவறிப்போனால்

திரை உறைந்தோ கறுப்பாகவோ இருந்தால் முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் சாதனம் சரியில்லை என்றால்: டிவைஸ் மேனேஜர் → அந்தச் சாதனம் → 'டிரைவர்' → 'ரோல் பேக் டிரைவர்'. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு சேமிப்பில் இல்லை என்று பொருள். அப்போது படி 2-இல் செய்த ரெஸ்டோர் பாயின்ட் கைகொடுக்கும்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால், தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை வரும். அங்கே டிரபிள்ஷூட் → அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போனால் 'சிஸ்டம் ரெஸ்டோர்' இருக்கும். 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக ரீஸ்டார்ட் செய்து 4 அழுத்தினால் சேஃப் மோடு. சேஃப் மோடில் விண்டோஸ் அடிப்படை டிரைவர்களை மட்டும் ஏற்றும் என்பதால், தவறான டிரைவரை அங்கிருந்து நீக்கலாம்.

எந்த டிரைவர் காரணம் என்றே தெரியவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடித் திறங்கள். எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எந்த நாளில் கணினி விழுந்தது என்று ஒரே வரைபடத்தில் தெரியும். சிவப்புக் குறிகள் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளைப் பாருங்கள். பலருக்குத் தெரியாத, விண்டோஸுடன் வரும் மிகப் பயனுள்ள கருவிகளில் இது ஒன்று.

பாதுகாப்பு: கட்டாயம் புதுப்பிக்க வேண்டிய இடம்

பழைய டிரைவரை விட்டுவைக்கலாம் என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. பாதுகாப்புக் குறை உள்ள டிரைவர், தாக்குபவருக்குக் கெர்னலின் கதவைத் திறந்துவிடும். 2021 மே மாதம் டெல் கணினிகளின் ஃபர்ம்வேர் புதுப்பிப்புக் கருவிகளுடன் வந்த ஒரு டிரைவரில் இத்தகைய குறைகள் இருப்பது வெளியானது. 2009 முதலே அந்த டிரைவர் புழக்கத்தில் இருந்திருக்கிறது. கையொப்பம் இருந்தால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீய மென்பொருளின் டிரைவர்கள் ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடமிருந்து திருடிய சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டவை. புதுப்பிக்கும் கருவியே தாக்கப்படுவதும் உண்டு. ஆசஸின் லைவ் அப்டேட் கருவி வழியாகத் தீய மென்பொருள் பரவியதை 2019 மார்ச்சில் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி வெளியிட்டது. எனவே தயாரிப்பாளரின் கருவியை வைத்திருந்தால் அந்தக் கருவியையும் புதுப்பித்து வையுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டி → டிவைஸ் செக்யூரிட்டி → கோர் ஐசொலேஷன் பகுதியில், கெர்னலுக்குள் தீய மென்பொருள் நுழையாமல் காக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' இயங்குகிறதா என்று பாருங்கள். இயக்க முடியாமல் பொருந்தாத டிரைவர்களின் பட்டியலைக் காட்டினால், 'பழைய டிரைவர்' என்று நான் உண்மையிலேயே மதிக்கும் பட்டியல் அதுதான். அவற்றைப் புதுப்பியுங்கள், அல்லது அந்தச் சாதனம் இப்போது உங்களிடம் இல்லையென்றால் நீக்குங்கள். அதே பக்கத்தில் குறையுள்ள டிரைவர்களைத் தடுக்கும் 'பிளாக்லிஸ்ட்' வசதியும் இருக்கிறது. விண்டோஸ் 11-இன் 2022 பதிப்பிலிருந்து அது தானாகவே இயங்குகிறது. ஏதோ ஒரு பழைய விசிறிக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அதை அணைக்காதீர்கள்.

லினக்ஸ், மேக்

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுடனேயே வருகின்றன. சிஸ்டத்தைப் புதுப்பித்தால் டிரைவரும் புதுப்பிக்கப்பட்டுவிடும். விலக்கு என்விடியா. உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' வழியாக எடுங்கள். தளத்திலிருந்து கோப்பை இறக்கி நேரடியாக நிறுவினால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் திரை வராமல் போக வாய்ப்பு அதிகம். பயாஸ், எஸ்எஸ்டி ஃபர்ம்வேருக்கு எஃப்டபிள்யூயூபிடி என்ற கருவி இருக்கிறது. பல பெரிய தயாரிப்பாளர்கள் தங்கள் கோப்புகளை அதன் வழியாகவே தருகிறார்கள். மேக்கில் இந்த வேலையே இல்லை. ஆப்பிள் சாதனங்களின் டிரைவர்கள் மேக்ஓஎஸ் புதுப்பிப்போடு வரும். மேக்குக்கு டிரைவர் அப்டேட்டர் என்று ஏதாவது விளம்பரம் தெரிந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நீங்கள் போட்ட டிரைவரை விண்டோஸ் மாற்றிக்கொண்டே இருந்தால்

கிராஃபிக்ஸ் டிரைவரைத் தேடித் தேர்ந்தெடுத்துப் போட்டிருப்பீர்கள், சில நாளில் விண்டோஸ் அப்டேட் வேறொன்றைப் போட்டிருக்கும். விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசி எடிட்டரில் இதைத் தடுக்கலாம். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் → அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ் → விண்டோஸ் காம்பொனென்ட்ஸ் → விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் 'டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்' என்பதைத் தேடி 'எனேபிள்டு' ஆக்குங்கள். விண்டோஸ் 11-இல் அது 'மேனேஜ் அப்டேட்ஸ் ஆஃபர்டு ஃப்ரம் விண்டோஸ் அப்டேட்' என்ற உள்ஃபோல்டரில் இருக்கும். ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது.

இதை இயக்கினால் கிராஃபிக்ஸ் மட்டுமின்றி வைஃபை, கேமரா, புளூடூத் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் அப்டேட் வழியாக டிரைவர் வருவது நின்றுவிடும். எனவே தயாரிப்பாளரின் கருவியை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு நேரமில்லை என்றால் இந்த அமைப்பைத் தொடாமல், விண்டோஸ் மாற்றியதை 'ரோல் பேக்' செய்துகொள்வதே எளிது.